திருகும் தேதியும்: தில்லியின் கார்பரேட்டர் காலம் பற்றி ஒரு குறிப்பு

2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவை அடுத்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாராபுல்லா வடிகாலின் கரையில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. சுமார் 370 வீடுகள். மழைக்காலத்துக்கு முன் வடிகாலைத் தூர்வார வேண்டும் என்ற காரணத்தின்மேல் தில்லி உயர் நீதிமன்றம் மே 9 அன்று ஆணையிட்டிருந்தது. தகுதியுடையோர் எனக் கண்டறியப்பட்டவர்களுக்கு நகரின் வட எல்லையிலுள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. எஞ்சியோருக்கு அதுவும் இல்லை. தகுதியை முடிவு செய்தது 2015ஆம் ஆண்டின் தில்லி குடிசைவாழ் மக்கள் மறுகுடியமர்வுக் கொள்கை. 2006 ஜனவரி 1க்கு முன் தோன்றிய குடியிருப்பா, அதனுள் 2015 ஜனவரி 1க்கு முன் எழுந்த வீடா, அதற்குச் சான்று உண்டா என்பன அது கேட்கும் கேள்விகள்.

அச்செய்திகளை வாசிக்கையில் ‘கட்-ஆஃப் தேதி’ என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. நான் பல ஆண்டுகளாகப் படித்துவரும் பொருள் குடியிருப்பு அன்று. தில்லியின் வாகனப் புகையும் அதைக் கட்டுப்படுத்த எழுந்த விதிகளும். அங்கும் இதே சொல், ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது. குடியிருப்பைப் பற்றி எழுத என்னினும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது கார்பரேட்டரில் உள்ள ஒரு சிறு திருகைப் பற்றி. தேதி ஆளத் தொடங்குவதற்கு முன் தில்லியின் வண்டிகளைச் சில காலம் ஆண்டது அந்தத் திருகுதான் என்பது என் வாதம்.

1. நிற்கும் வண்டியின் பசி

கார்பரேட்டரின் வேலை பெட்ரோலைக் காற்றோடு கலப்பது. வில்ஹெல்ம் மேபாக் ஜெர்மனியிலும், டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் ஹங்கேரியிலும் 1893ஐ ஒட்டிய காலத்தில் பெட்ரோலை நுண்துளையின் வழியே தெளிக்கும் வகையை உருவாக்கினார்கள். அதன் அடிப்படை நூறாண்டுகள் மாறவில்லை. குறுகிய குழாயில் காற்று விரைந்து ஓடும். அங்கே அழுத்தம் குறையும். அக்குறைவு பெட்ரோலை ஜெட் வழியே உறிஞ்சும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் கலவை செறியும். முழுமையாக எரியாத கரி கார்பன் மோனாக்சைடாகப் புகைக்குழாயில் வெளியேறும்.

வண்டி நின்றபடி ஓடுகையில், நம் மெக்கானிக்குகள் ‘ஸ்லோ’ என்றும் ‘ஐடில்’ என்றும் சொல்லும் நிலையில், இந்த ஏற்பாடு செயல்படாது. திராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் குழாயில் காற்றோட்டம் மிகக் குறைவு. மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோல் எழாது. ஆகவே ஐடிலுக்கெனத் தனியாக ஒரு சிறு வழி அமைத்தார்கள். திராட்டிலை ஒட்டிய ஒரு துளை, அதற்குப் பெட்ரோல் தரும் சிறிய ஜெட், அதில் கலக்கும் சிறிது காற்று, அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. மேலும், ஐடிலில் சிலிண்டருக்குள் எரிந்த வாயு மிகுதியாகத் தங்கிவிடும். அந்த நீர்த்த நிலையிலும் தீப்பற்ற வேண்டுமானால் கலவை சற்றுச் செறிவாக, 12 அல்லது 13க்கு 1 என்ற அளவில் இருந்தாக வேண்டும். ஆக, கார்பரேட்டர் வண்டி நிற்கையில் இயல்பாகவே சிறிது மிகை உண்ணும். அந்த மிகை அளவு மீறினால் அதுவே நோய்.

நோயின் குறிகளை அறியாத மெக்கானிக் இல்லை. ஐடிலில் அடி சீராக விழாது, தடுமாறும். பிளக்கைக் கழற்றினால் உலர்ந்த கரி மை போல் படிந்திருக்கும். புகைக்குழாய்க்குப் பின்னால் நின்றால் பச்சைப் பெட்ரோல் நாறும், கண் எரியும். காலையில் குளிர்ந்த வண்டி சோக் இல்லாமலே கிளம்பிவிடும். சூடான பின் சிக்னலில் அணைந்துபோகும்.

2. திருகைத் தொடும் முன்

முதுகலை படித்த நாட்களில் என்னிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. மேற்சொன்ன எல்லாக் குறிகளும் அதற்கு உண்டு. மிக்ஸர் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று அறிந்துகொண்டு நானே சரிசெய்ய முயன்றேன். இரண்டு நாளில் பழையபடி ஆனது. பின்னர் கொண்டுபோன இடத்தில் இருந்த முதிய மெக்கானிக் திருகைத் தொடவே இல்லை. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். அடுத்து சோக் கேபிளைத் தளர்த்தி, சோக் முழுதாகத் திரும்புகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். பின்பு கார்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்து, ஃப்ளோட்டை உயர்த்தி, பெட்ரோலை நிறுத்தும் ஊசியின் முனையை நகத்தால் வருடினார். அதில் ஒரு வளையத் தேய்மானம் இருந்தது. ஊசி சரியாக அடைக்காததால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயர்ந்து, ஐடில் வழியாக வழிந்துகொண்டிருந்தது. ஊசியை மாற்றிய பிறகுதான் திருகுக்கு வந்தார்.

ஆய்வாளன் என்ற முறையில் பின்னாளில் சர்வீஸ் கையேடுகளைப் படித்தபோது அவர் கையாண்ட வரிசை தற்செயலானது அன்று எனத் தெளிந்தது. ஐடிலில் கலவை செறிவதற்குக் காரணங்கள் பல: அடைபட்ட ஃபில்டர், முழுதும் திறவாத சோக், உயர்ந்த ஃப்ளோட் மட்டம், தேய்ந்த ஊசி, கம்பி விட்டுக் குத்தியதால் துளை பெருத்த ஐடில் ஜெட், அடைபட்ட காற்றுத் துளை. திருகு தவறாக நிற்பது இவற்றுள் ஒன்று மட்டுமே. ஏனைய பழுதுகளைத் திருகைக் கொண்டு மறைக்கலாம், நீக்க முடியாது.

திருகிலும் இரு குலங்கள் உண்டு. சோலெக்ஸ் கார்பரேட்டர்களிலும் பஜாஜ் ஸ்கூட்டர்களில் வந்த டெல்லார்ட்டோ வகையிலும் அது எஞ்சின் பக்கம் அமைந்து கலவையை அளக்கும். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்றவற்றின் மிக்குனி வகையில் அது காற்றுப் பக்கம் அமைந்து காற்றை அளக்கும். உள்ளே திருகினால் காற்று குறைந்து கலவை செறியும். ஒரே அசைவு, நேர்மாறான பலன்.

சரிசெய்யும் முறை எளிது. எஞ்சின் நன்கு சூடாக வேண்டும். திருகை மெல்ல உள்ளே உட்கார வைத்து, கையேடு சொல்லும் அளவுக்கு, பெரும்பாலும் ஒன்றரைச் சுற்று, வெளியே எடுக்க வேண்டும். பின் சிறிது சிறிதாகத் திருகி, வேகம் உச்சமாகவும் அடி சீராகவும் விழும் இடத்தைக் காதால் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து ஒரு முடியளவு குறைந்த செறிவின் பக்கம் நகர்த்தி, இறுதியில் ஐடில் வேகத்தைத் திராட்டில் திருகால் இறக்க வேண்டும். கலவைத் திருகை முழுதும் உள்ளே திருகியும் எஞ்சின் அணையவில்லை என்றால், பெட்ரோல் வேறெங்கிருந்தோ வருகிறது என்று பொருள். அப்போது திருகை விட்டுவிட்டு மேற்சொன்ன பட்டியலுக்குத் திரும்ப வேண்டும்.

நோய் எங்கே என்று கேட்காமல் அளவை மட்டும் சரிசெய்தால் நோய் வேறிடத்தில் தங்கிவிடும் என்ற இப்பட்டறை அறிவு அடுத்த பகுதிக்குத் தேவை.

3. சட்டம் ஐடிலுக்கு வருகிறது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் வந்த 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 115ஆம் விதி, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பெட்ரோல் வண்டிக்கும் ஒரு வரம்பு விதித்தது. ஐடிலில் வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு நான்கு சக்கர வண்டிக்கு 3 விழுக்காட்டையும், இரு சக்கர, மூன்று சக்கர வண்டிக்கு 4.5 விழுக்காட்டையும் தாண்டலாகாது. வண்டி பதிவாகி ஓராண்டு கழிந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்று பெற வேண்டியிருந்தது. இன்றும் நாம் ‘பி.யூ.சி.’ என்று அழைப்பது அதைத்தான்.

ஏன் ஐடில்? ஓடும் வண்டியின் புகையை அளக்க உருளைகள் கொண்ட ஆய்வுக்கூடம் வேண்டும். நிற்கும் வண்டிக்கு ஒரு குழாயும் அகச்சிவப்புக் கதிர் கொண்டு வாயுவை அளக்கும் பெட்டியும் போதும். பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். அளக்க எளிதாயிருந்த இடத்தில் சட்டம் தன் குழாயை நுழைத்தது. அதன் விளைவாக, முன்பு மைலேஜையும் சத்தத்தையும் மட்டும் சார்ந்திருந்த மிக்ஸர் திருகு, ஒரு வண்டி சாலையில் இருக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்யும் பொருளானது.

வரலாற்று நோக்கில் இவ்விதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது வண்டியின் வயதைக் கேட்கவில்லை. இன்றைய நிலையைக் கேட்டது. தோற்ற வண்டிக்கு அது சொன்னது ‘போ’ என்பதன்று. ‘சரிசெய்துகொண்டு வா’ என்பது. பழுது நீக்கம் சாத்தியம் என்ற நம்பிக்கை அவ்விதியின் உள்ளே பொதிந்திருந்தது. கரோல் பாக் இருசக்கர வண்டிப் பட்டறைகள் முதல் காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகள் வரை விரிந்த தில்லியின் பழுதுபார்க்கும் உலகத்தை, பெயர் சொல்லாமலே, சட்டம் தன் துணைக்கு அழைத்துக்கொண்டது எனலாம். அவ்வுலகத்தின் பொருள்களில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. மிக்குனி நிறுவனத்தின் கூட்டுடன் 1980களின் பிற்பாதியில் உருவான உகால் நிறுவனம், சென்னையை அடுத்த மறைமலை நகரில் கார்பரேட்டர்கள் செய்து வந்தது.

4. திருகின் பொய்

இவ்விதியை நான் கொண்டாட வரவில்லை. அதில் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. அதையும் பட்டறை அறிந்திருந்தது.

பெட்ரோல் வண்டிகளுக்கான சாலைச் சோதனை கார்பன் மோனாக்சைடை மட்டுமே அளந்தது. கலவையைக் குறைத்துக்கொண்டே போனால் மோனாக்சைடு குறையும். ஆனால் ஓர் எல்லைக்குப் பின் கலவை சரியாகத் தீப்பற்றாமல் போய், எரியாத பெட்ரோல் ஹைட்ரோகார்பனாக அப்படியே வெளியேறும். பெட்டி அதைக் காணாது. எனவே சோதனைக்கு முன் திருகை ஒரு சுற்று திருப்பி, சான்று பெற்று, திரும்பும் வழியில் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது எளிய வழியாயிற்று. தேய்ந்த ஊசியும் குத்திய ஜெட்டும் உள்ளபடியே இருக்கும். ஹைட்ரோகார்பனுக்கும் வரம்பு வைத்த புதிய அளவுகள் 2004 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன.

இதே சிக்கலை அமெரிக்கா வேறு வழியில் அணுகியது. 1970களில் மிக்ஸர் திருகுகள்மேல் வரம்புத் தொப்பிகள் வந்தன. 1980களின் தொடக்கத்தில் அவற்றை உலோக அடைப்பால் மூடியே ஆலையிலிருந்து அனுப்பினர். பழுதுபார்ப்பவரின் கையை நம்பாமல் அதை விலக்கும் வழி அது. தில்லியின் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் திருகு பெரும்பாலும் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அன்றைய தில்லியின் ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. அவ்வகையில் எரிந்த வாயுவைத் தள்ளப் புதிய கலவையையே பயன்படுத்துவதால், உள்ளே வந்த பெட்ரோலில் ஒரு கணிசமான பகுதி எரியாமலே வெளியேறிவிடும்; கூடவே எண்ணெய்ப் புகையும். எத்துணைக் கைதேர்ந்தவர் திருகினாலும் இதை நீக்க முடியாது. பழுது அமைப்பிலேயே உள்ளது. பழுது நீக்கத்தால் நகரின் காற்றைக் காத்திருக்கலாம் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

5. தேதி வருகிறது

அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 1996இல் வெளியிட்ட ‘ஸ்லோ மர்டர்’ அறிக்கை தில்லியின் வாகனப் புகையைப் பொது விவாதமாக்கியது. எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28 அன்று பிறப்பித்த ஆணை அவ்விவாதத்தின் திருப்பம். 1998 செப்டம்பர் 1க்குள் ஈயம் கலந்த பெட்ரோல் நீங்க வேண்டும். ஆண்டிறுதிக்குள் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பது நிற்க வேண்டும். 1990க்கு முந்தைய ஆட்டோக்களும் டாக்சிகளும் 2000 மார்ச் 31க்குள் தூய எரிபொருளில் ஓடும் புதியவற்றால் மாற்றப்பட வேண்டும். பேருந்துகள் 2001 மார்ச் 31க்குள் முழுவதும் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும்.

இவ்வாணையில் இரு வேறு தர்க்கங்கள் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். எண்ணெயையும் ஈயத்தையும் பற்றிய பகுதிகள் எரிபொருளைத் திருத்துகின்றன. பலன் எல்லா வண்டிக்கும் உண்டு. 1990 என்ற ஆண்டோ வண்டியைத் திருத்துவதில்லை. அடையாளம் காட்டி நீக்குகிறது. 1989இல் வாங்கி, முறையாகப் பராமரித்து, ஐடில் சோதனையில் வென்ற ஆட்டோவுக்கும், 1989இல் வாங்கிக் கருகிக்கிடந்த ஆட்டோவுக்கும் இதில் வேறுபாடு இல்லை. 1991இல் வாங்கிய மோசமான வண்டிக்கு அவகாசம் உண்டு.

அதன்பின் தேதியின் ஆட்சி வலுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் 15 ஆண்டு கடந்த வண்டிகளையும், 2015இல் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் விலக்கியது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்குத் தில்லியின் பங்க்குகளில் எரிபொருளே தரக்கூடாது என்ற ஆணை வந்து, எதிர்ப்பால் சில நாள்களில் நிறுத்தப்பட்டது. வயதை மட்டும் காரணமாக்கி நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 12இல் சொன்னது. டிசம்பரில் அப்பாதுகாப்பு பி.எஸ். 4க்கும் அதற்குப் பிந்தைய தரத்துக்கும் மட்டும் எனச் சுருங்கியது. இதற்கிடையே 2020 ஏப்ரல் 1இல் வந்த பி.எஸ். 6 தரத்தோடு புதிய இருசக்கர வண்டிகளிலிருந்தும் கார்பரேட்டர் ஏறக்குறைய விடைபெற்றது. இப்போது கலவையைக் கணிப்பது ஆக்சிஜன் உணர்வியும் கணினியும். திருக ஒன்றுமில்லை.

6. நிலையும் தேதியும்

அரசு ஒரு பொருளை இரு வகையில் அறியலாம். ஒன்று, அதன் அருகே சென்று இன்றைய நிலையை அளப்பது. மற்றொன்று, அதன் காகிதத்தைப் பார்த்துத் தேதியைப் படிப்பது. முன்னது செலவு மிக்கது, ஏய்ப்புக்கு இடம் தருவது. ஆனால் திருத்தத்துக்கும் இடம் தருவது. பின்னது மலிவானது, சீரானது, ஏய்க்கக் கடினமானது. ஆனால் எவ்வளவு உழைப்பைச் செலுத்தினாலும் அதன் விடையை மாற்ற முடியாது. தில்லியின் வாகனப் புகையின் வரலாறு முன்னதிலிருந்து பின்னதற்கு நகர்ந்த வரலாறு என்பதே என் முடிவு. முன்னது தோற்றதற்குப் பட்டறையின் ஏய்ப்பு ஒரு காரணம். மோனாக்சைடை மட்டும் அளந்து, அதுவும் ஐடிலில் மட்டும் அளந்து, அதுவே போதும் என்றிருந்த சட்டமும் அதே அளவு காரணம். எந்தக் காரணத்தால் கலவை செறிகிறது என்று அது ஒருபோதும் கேட்கவில்லை.

வண்டியும் வீடும் ஒன்றல்ல. ஆட்டோவை மாற்றலாம், பிள்ளை படிக்கும் தமிழ்ப் பள்ளியையும், நடந்து போகும் தூரத்தில் இருந்த வேலை வீட்டையும் நரேலாவுக்கு எடுத்துச் செல்ல முடியாது. ஆயினும் மதராசி கேம்ப் குறித்த கணக்கில் எந்தக் கேள்விகள் கேட்கப்பட்டன என்று பாருங்கள்: எந்த ஆண்டு, எந்தச் சான்று, எந்தப் பட்டியல். வடிகால் ஏன் அடைபடுகிறது, அடைப்பில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பன நிலையைப் பற்றிய கேள்விகள். ஒரு குடும்பம் தகுதியுடையதா என்பதற்கான விடை அவற்றிலிருந்து வரவில்லை, தேதியிலிருந்து வந்தது.

நகர வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரம்புத் தேதிகளின் வரலாற்றை ஆணைகளிலிருந்து எழுதலாம். நம் நூலகங்களில் அவை உள்ளன. பழுது நீக்கத்தின் வரலாறு அப்படிக் கிடைக்காது. அது பழைய சர்வீஸ் கையேடுகளின் ஓரங்களிலும், மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் எடைக்குப் போகும் கார்பரேட்டர்களிலும், ஊசி முனையை நகத்தால் வருடிப் பார்க்கத் தெரிந்த சிலரின் விரல்களிலும் இருக்கிறது. அவர்களும் முதியவர்கள். அவர்களிடம் செல்லும்போது, எந்தத் திருகை எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்று தொடங்க வேண்டாம். முதலில் எதைக் கழற்றிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.